குல்மீரா போட்ட தோடு

"இந்தப் பக்கம் வாம்மா, இங்க நின்னாத்தான் காலைத் தூக்கி வைக்கிறது நல்லாத் தெரியும்" என்று சுகிர்தா கையைப் பிடித்து இழுக்க, செண்பகவல்லி இழுத்த இழுப்புக்கெல்லாம் போனாள். கோவில்பட்டியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து இங்கே என்று பறந்து வந்து, மகள் டாக்டருக்குப் படிக்கிற கிர்கிஸ்தானின் தலைநகரமாம் பிஷ்கேக், அதன் நடுச் சதுக்கத்தில் நிற்கிறாள். கொடிக்கம்பத்தடியில் கண்ணாடிக் கூண்டில் நின்ற சிப்பாய்கள் ஆள் மாறுகிற நேரம். சுற்றிலும் ஜனம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் முழங்கால் மடங்காமல் என்னமாய்க் காலைத் தூக்குகிறார்கள், பூட்ஸ் தரையில் விழுகிற சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடிக்கிறது, பார்க்கவேண்டிய காட்சிதான், இவள் கண்ணோ மகளின் காதை விட்டு நகரமாட்டேன் என்கிறது. வெள்ளித் தொங்கட்டான், நடுவில் பவழம் மாதிரி ஒரு சிவப்புக் கல், கல்லுக்குக் கீழே சன்னமாக ஆடுகிற சங்கிலிகள். முந்தாநாள் தேநீருக்குப் போன வீட்டில் அந்த நர்ஸம்மா குல்மீரா தன் கையாலேயே போட்டுவிட்டது. போட்டாள், சரி, ஒரு சாயங்காலம் மரியாதைக்குப் போட்டிருந்துவிட்டுக் கழற்றி வைக்கவேண்டியதுதானே. குளிக்கும்போது கழற்றவில்லை. தூங்கும்போது கழற்றவில்லை. நேற்று ராத்திரி இவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் பக்கத்தில் அந்தச் சங்கிலி சிணுங்கியது. இன்றைக்கு ஆறு மணிக்கு ஊரிலிருந்து அவுக, சுகிர்தாவின் அப்பா, கூப்பிடுவாக. ராஜபாளையத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள், மாப்பிள்ளைப் பையன் மயக்க மருந்து டாக்டர், வீடியோவில் பெண்ணைப் பார்ப்பார்கள், பெண்ணுக்கும் சம்மதம்தான் என்று செண்பகவல்லி வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஆவணியில் முகூர்த்தம். அந்த ஒரு வார்த்தையை வாங்கி வரத்தான் இவளை விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறது. வந்த நாளிலிருந்து வாயைத் திறக்கப் பார்க்கிறாள், திறக்கும்போதெல்லாம் இந்தக் குட்டி அந்தா பாரு மியூசியம், இந்தா பாரு மலை என்று எதையாவது காட்டிக் கையை நீட்டிவிடுகிறது. அது போகட்டும், அவுக சொன்ன ஆறு மணி எந்த ஆறு மணி. இங்கே ஆறு அடித்தால் அங்கே ஐந்தரை. புறப்படும்போது இதைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியதா இவளுக்கு, தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் இது கூடவா தெரியாது என்றுதான் பதில் வந்திருக்கும்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றாள் சுகிர்தா.

"நல்லாத்தான் இருக்கு. ஏட்டி, அந்தத் தோட்டைக் கழட்டிட்டு உன் கல்லுத் தோட்டைப் போடேன். சாயங்காலம் எல்லாரும் பாப்பாகல்ல."

"இருக்கட்டும்மா. வா, ஓக் மரப் பூங்காவுக்குப் போவோம், நிழலா இருக்கும்."

இருக்கட்டும்மா. இந்த இருக்கட்டும்மாவைத்தான் செண்பகவல்லியால் தாண்ட முடியவில்லை. நிழல் என்றால் நிழல்தான், குறை சொல்ல முடியாது, கோவில்பட்டியில் எந்தத் தெருவிலும் இத்தனை மரத்தைச் சேர்த்துப் பார்த்ததில்லை, தெரு ஓரமெல்லாம் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள், மலையில் உருகுகிற பனித்தண்ணீராம், ஜூன் மாசத்திலும் அந்த மலை உச்சி வெள்ளையாகத்தான் கிடக்கிறது. காற்றில் பஞ்சு பறக்கிறது. ஏதோ நெட்டை மரத்துப் பஞ்சு, ஜின்னிங் பாக்டரி வாசலில் நிற்கிறாற்போல மூக்கில் ஏறுகிறது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கல்லுத் தோட்டை அடகு கிடகு வைத்துவிட்டாளோ என்று முதலில் ஒரு பயம் வந்தது. நேற்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாயிற்று, சிவப்பு டப்பாவுக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. பெற்ற மகள் பெட்டியைத் திருட்டுத்தனமாகக் குடைந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது, இருக்கிறதே என்று ஆறுதலாகவும் இருந்தது, அடுத்த நொடியே, இருந்தும் ஏன் போடவில்லை என்று அடுத்த குடைச்சல் ஆரம்பித்துவிட்டது. காது குத்தின அன்றைக்கு சுகிர்தா போட்ட கூப்பாட்டில் ஆசாரியே ஒரு காதைக் குத்திவிட்டு ஓடப் பார்த்தார். நகை என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளை. கல்யாண வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒரு ஜிமிக்கியைப் போடவைக்க முடியும், மண்டபத்து வாசல் தாண்டின உடனே கழற்றி இவள் கையில் திணித்துவிடும். அந்தப் பிள்ளை ஒரு வெள்ளித் தொங்கட்டானைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு அலைகிறது. நடக்கும்போது நடுவில் நடுவில் கை தன்னால் போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கிறது, தொடுவது அவளுக்கே தெரியவில்லை. இப்படித் தன்னையறியாமல் தொட்டுப் பார்க்கிற கையைச் செண்பகவல்லி வேறெங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே. பூங்காவில் கல் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன, பெஞ்சுகளில் கிழவர்கள் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுச் சதுரங்கம் ஆடுகிறார்கள், ஒரு பெண் குதிரைவால் சடை போட்ட குழந்தைக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகிறாள். எங்கே பார்த்தோம். கல்யாணமான புதுசில் தாலிக்கொடியை இப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், இவளேதான், மாமியார்கூடக் கேலி செய்வாள், எங்கேயும் ஓடிப்போயிராது விடு என்று. சே, என்ன நினைப்பு இது. மனசு இருக்கிறதே, அதுக்கு வேறு வேலை இல்லை. ஒரு வெள்ளித் தோட்டுக்குப் போய் இந்தப் பாடு.

அந்த நர்ஸம்மா நல்ல மனுஷிதான். சுகிர்தா ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிற வார்டில் பெரிய நர்ஸ். போன குளிர்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது சூப்பு காய்ச்சி விடுதிக்கே கொண்டுபோய் ஊட்டினவள். போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இங்க அவங்கதாம்மா அம்மா என்பாள் சுகிர்தா, இவளுக்குச் சுருக்கென்று இருக்கும், நன்றியாகவும் இருக்கும். அதனால்தான் அம்மா வந்திருக்காங்களாமே, தேநீருக்குக் கூட்டிட்டு வா என்று சொல்லியனுப்பியதும், சும்மா போகக் கூடாது என்று பெட்டி அடியில் இருந்த அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு போனாள். போன இடத்தில் பார்த்தால் வீடு நிறைய ஆட்கள். ஒரு தேநீருக்கு இத்தனை பேரா என்று அப்போதே ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பெரியவர் ஒருத்தர் தொப்பியோடு நடு இடத்தில், சித்தி பெரியம்மா என்று வரிசையாக ஐந்தாறு பெண்கள், எல்லோரும் நல்ல உடுப்பு, மேஜை கொள்ளாமல் பலகாரம், நம்ம பூரி மாவைத் துண்டு துண்டாக வெட்டிப் பொரித்த மாதிரி ஒன்று மலையாகக் குவித்திருந்தது. தேநீர் மட்டும் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினார்கள். இவ்வளவு பலகாரம் செய்யத் தெரிகிறது, தேநீரில் என்ன கஞ்சத்தனம் என்று இவள் நினைக்க, சுகிர்தா காதோடு சொன்னாள், முழுசா ஊத்தினா சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தமாம், பாதி ஊத்தினாத்தான் இன்னும் இரு இன்னும் இருன்னு உபசரிக்கிறது. ஊத்தி ஊத்திக் கொடுத்தவன் அந்த வீட்டுப் பையன், அஸமத். அதே ஆஸ்பத்திரியில் லேபில் வேலை. கிண்ணம் காலியானது இவளுக்கே தெரியுமுன் அவனுக்குத் தெரிந்தது. புறப்படும்போது வாசலில் பார்த்தால் இவள் செருப்பு கால் நுழைக்கிற வாகில் திருப்பி வைத்திருந்தது, அதுவும் அவன் வேலைதான். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா. "நல்ல பையன்ட்டி அது. அவனைக் கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவ" என்றாள். சுகிர்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அலுப்பு போல என்று இவளும் விளக்கை அணைத்தாள்.

பூங்காவைத் தாண்டி நடந்தார்கள். வெற்றிச் சதுக்கம் பக்கம்தான், நடந்தே போயிரலாம் என்றாள் மகள். போகிற வழியில் நினைப்பு மறுபடியும் அந்த மேஜைக்கே போய் உட்கார்ந்தது, வா என்றாலும் வரமாட்டேன் என்கிறது. பட்டுச் சேலையை எடுத்து நீட்டப் போன நேரம். வெறும் கையில் பட்டைக் கொடுப்பார்களா யாராவது. நல்ல காரியத்துக்குத் துணி கொடுத்தால் தட்டில் வைத்துத்தானே கொடுக்கவேண்டும். இவளே எழுந்து போய் அடுப்படியில் கையை வட்டமாகக் காட்டித் தட்டு ஒன்று வாங்கினாள், பட்டை வைத்தாள், மேலே கைப்பையிலிருந்து மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாய்ப் பொட்டலம், வெற்றிலைக்கு எங்கே போவது, மேஜையிலிருந்த ஆப்பிள்களில் இரண்டு. அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். குல்மீரா உள்ளே போய் அவளும் ஒரு தட்டோடு வந்தாள், அதில் பூப்போட்ட துணி, இனிப்பு, நடுவில் சின்னப் பெட்டி. சுகிர்தா மொழிபெயர்த்தாள், உன் பொண்ணுக்கு என் கையால இந்தத் தோட்டைப் போட்டுவிடலாமான்னு கேக்குறாங்கம்மா. குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. தாராளமாப் போடச் சொல்லு, நானா இங்க இருக்கேன், இவுக பொறுப்புலதான விட்டிருக்கேன் என்று சிரித்தபடி தட்டை நீட்டினாள். குல்மீராவும் நீட்டினாள். இரண்டு பேரும் ஒருசேர நீட்டி, ஒருசேர வாங்கி, யாரோ அப்படியே பிடிச்சிருங்க என்று சைகை காட்டிப் போட்டோகூட எடுத்தார்கள். காதில் தோடு ஏறியது. பெரியவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்து என்னவோ முணுமுணுத்து முகத்தைத் தடவ, எல்லோரும் தடவினார்கள், நல்ல வார்த்தைதானே சொல்லியிருப்பார் என்று இவளும் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் ஒரு சித்திக்காரி கை நிறைய சாக்லேட்டை அள்ளி சுகிர்தா தலைக்கு மேல் வீசினாள். பொடிசுகள் விழுந்து பொறுக்கின. விருந்தாளி வந்தால் இப்படி ஒரு வழக்கம் போலிருக்கு என்று இவளும் காலடியில் கிடந்த இரண்டைப் பொறுக்கி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல ருசி.

வெற்றிச் சதுக்கத்தில் சிவப்புக் கல்லில் மூன்று பெரிய வளைவுகள் எழும்பி மேலே ஒரு வளையத்தைத் தாங்கி நின்றன, இந்த ஊர்க்காரர்கள் மலையில் போடுகிற கூடாரத்தின் உச்சி அந்த வளையம் என்றாள் சுகிர்தா, நடுவில் அணையாமல் எரிகிற நெருப்பு, பக்கத்தில் ஒரு பெண் சிலை, சண்டைக்குப் போனவன் திரும்பி வரக் காத்து நிற்கிறாளாம். எத்தனை வருஷமாக என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் வரிசையாக நாலைந்து கார்கள் ரிப்பன் கட்டி வந்து நின்றன. கல்யாணக் கூட்டம். கல்யாணம் முடிந்த கையோடு ஜோடிகள் இங்கே வந்து படம் எடுத்துக்கொள்வார்களாம். வெள்ளை கவுன் தரையைப் பெருக்கிக்கொண்டு வர, பெண் கூச்சத்தோடு நடந்து வந்தாள், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள். செண்பகவல்லி ஆசையாகப் பார்த்தாள். பெண் வந்து நின்றதும் கூட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா முன்னே வந்தாள், பையில் கையை விட்டாள், அள்ளினாள், ஜோடி தலைக்கு மேல் வீசினாள். சாக்லேட். காசும் கலந்து கிடந்தது. பொடிசுகள் விழுந்து பொறுக்கின. ஒரு சாக்லேட் உருண்டு வந்து இவள் செருப்பில் இடித்து நின்றது. குனிந்து அதை எடுக்கப் போனவள் எடுக்காமல் அப்படியே நிமிர்ந்தாள். பாதிக் கிண்ணம், நல்ல உடுப்பு, பெரியவர், முகத்தைத் தடவினது, தோடு, சாக்லேட். தட்டு. ஆத்தாடி, நம்ம ஊரில் நிச்சயம் என்றால் வேறென்ன செய்கிறோம். இந்த வீட்டுத் தட்டு அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுத் தட்டு இந்த வீட்டுக்கு. பட்டு, மஞ்சள், குங்குமம், பழம். லக்னப் பத்திரிகை வாசிக்க ஐயர் ஒருத்தர் இல்லை, அது ஒன்றுதான் குறை. தட்டைக் கேட்டு வாங்கினவளும் இவளே, அடுக்கினவளும் இவளே, சிரித்துக்கொண்டு நீட்டினவளும் இவளே. சங்கரபாண்டியன் மகளுக்கு சங்கரபாண்டியனைக் கேட்காமல் ஊர் பேர் தெரியாத தேசத்தில் நிச்சயம் பண்ணிவிட்டு, கூலிக்கு ஒரு சாக்லேட்டும் தின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏட்டி" என்றாள். "ஏட்டி சுகி. இங்க மாமியாக்காரிதான் தோடு போடுவாளோ?"

சுகிர்தா கல்யாணப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே, "ஆமாம்மா" என்றாள்.

செண்பகவல்லி பக்கத்திலிருந்த கல் மேடையில் உட்கார்ந்தாள். மணியைப் பார்த்தாள், ஆறாகப் போகிறது. கைப்பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு கவிழ்த்து வைத்தாள். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒட்டி உட்காராமல் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"முதல் நாள் ராத்திரியே சொல்லணும்னுதான் இருந்தேன்மா. நீ பிரயாணக் களைப்புல தூங்கிட்டே. காலையில சொல்ல வந்தேன், நீ ராஜபாளையத்துப் பையன் போட்டோவை எடுத்து நீட்டினே. எனக்கு நாக்கு எழும்பலை. அங்க போய்ச் சும்மா பார்த்துட்டு வந்துருவோம், தோடெல்லாம் இப்ப வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன். நீ திடீர்னு எந்திரிச்சுப் போய்த் தட்டு கேட்டே. உனக்குப் புரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். புரிஞ்சு, சம்மதிச்சு, நம்ம முறைப்படி செய்யறேன்னு நினைச்சேன். அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. அந்தம்மா அடுப்படியில அழுதாங்க தெரியுமா. அப்புறம் ராத்திரி, கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவன்னு சொன்னே பாரு, அப்பத்தான் தெரிஞ்சது, உனக்கு ஒண்ணும் தெரியலைன்னு."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்."

ஆறு மணி வந்தது, போனது. போன் வரவில்லை. அப்படியென்றால் அவுக சொன்னது நம்ம ஊர் ஆறு, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முஸ்லிம் வீடு. பம்புசெட் கடைக்கு எதிர்க்கடை இப்ராகிம் பாய் வீட்டுப் பிரியாணிக்கு ரம்ஜான் அன்றைக்கு மத்தியானமே வாசலில் போய் நிற்கிற மனுஷன்தான் அவுக, தோளில் கை போட்டுத்தான் பேசுவாக, ஆனால் பெண் என்று வந்தால் தோளும் கிடையாது கையும் கிடையாது. அதைவிட, தூரம். இந்த மலைக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் இவள். ஒரு காய்ச்சல் தலைவலி என்றால் யார் போய் நிற்பது, நினைத்தவுடன் அந்தச் சூப்புப் பாத்திரமும் அந்த நர்ஸம்மாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள், வரவேண்டாம் என்று விரட்டினாள். அந்தப் பையன் நம்ம ஊருக்கு வருவானா என்று கேட்டாள். தெரியலைம்மா என்றாள் சுகிர்தா, இங்கே முடித்துவிட்டு நம்ம நாட்டு டாக்டர் பரீட்சை எழுதணும், அதுக்கப்புறம்தான் எதுவும் என்றாள். இனிக்க இனிக்க ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கு மேல் இவளுக்குத் திட்டவும் வரவில்லை. கோபம் வந்தது, ஆனால் அது பையன் மேலும் இல்லை, ஜாதி மதத்தின் மேலும் இல்லை. உனக்கு ஒண்ணும் தெரியலைன்னு. அங்கேதான் போய்க் குத்தியது. முப்பது வருஷமாக இந்த ஒரு வார்த்தையில்தான் இவள் குடித்தனம் நடக்கிறது. வீடு கட்டும்போது அடுப்படி ஜன்னலை எங்கேம்மா வைக்க என்று கொத்தனார் கேட்டார், கிழக்கே வையுங்க, காலை வெயில் நல்லது என்றாள், அவரும் வைத்துவிட்டார். அவுக வந்து யாரைக் கேட்டு வச்சே என்று சத்தம் போட்டபோது, எனக்கென்னங்க தெரியும், அவர் கேட்டார், வாயில வந்ததைச் சொன்னேன் என்று தப்பித்துக்கொண்டாள். மறுநாளே ஜன்னலை அடைத்து மேற்கே திறந்தார்கள். இன்றுவரைக்கும் சாயங்காலச் சமையலுக்கு நின்றால் வெயில் முகத்தில் அறைகிறது. இந்தப் பிள்ளையை டாக்டருக்குப் படிக்க இவ்வளவு தூரம் அனுப்பச் சொல்லி ராவெல்லாம் அழுது அவுக மனசைக் கரைத்தது யார், இவள்தானே. சொந்தக்காரர்கள் பொம்பளைப் பிள்ளையை யார் இப்படி அனுப்பச் சொன்னது என்று கேட்டபோது என்ன சொன்னாள், எனக்கு ஒண்ணும் தெரியாது, அவுகதான் முடிவு பண்ணினாக. சௌகரியமான வார்த்தை. மழைக்கு ஒதுங்க நல்ல இடம். ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் பெற்ற பிள்ளையும் அதே இடத்தில் கொண்டுவந்து இவளை நிறுத்தியிருக்கிறது.

"நான் சொல்றதைக் கேளும்மா" என்றாள் சுகிர்தா. "நீ தெரியாமத்தானே செஞ்சே. அப்படியே சொல்லிருவோம். எங்க ஊர்ல விருந்துக்குப் போனா இப்படித் தட்டுல வச்சுக் குடுக்கறது வழக்கம், அம்மாவுக்கு உங்க முறை தெரியாதுன்னு நான் போய்ச் சொல்லிடறேன். தோட்டைத் திருப்பிக் குடுத்துடறேன். அவங்க சண்டை போடுறவங்க இல்லை. அப்பாவுக்கு இது எதுவுமே தெரியவேண்டாம்."

"நீ?"

"எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள் சுகிர்தா. கொக்கி கழலவில்லை. இழுத்த இழுப்பில் காதுமடல் சிவந்துபோயிற்று. முகத்தில் ஒன்றுமே காட்டாமல் அந்தக் கொக்கியோடு மல்லுக்கு நின்றாள், கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது, கீழே விழாமல் அதையும் பிடித்து வைத்திருந்தாள். செண்பகவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம். தெரியாது என்று ஒரு வார்த்தை, தோடு போய்விடும், தட்டு போய்விடும், ஆறரைக்கு வீடியோவில் கல்லுத் தோடு மின்னும், ஆவணியில் கல்யாணம், இவள் மேல் ஒரு பழியும் கிடையாது, பாவம் அவளுக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையும் ராஜபாளையத்தில் போய் வாழ்ந்துவிடும், இவள் வாழவில்லையா. கிழக்கு ஜன்னலை அடைத்த அடுப்படியில் நின்று இவள் சமைக்கவில்லையா.

"கையை எடுட்டி. காதைப் பிச்சுராத" என்றாள் செண்பகவல்லி.

சுகிர்தா கையை எடுத்தாள். கல்யாணக் கூட்டம் காரில் ஏறிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி தன் கைக்குட்டையை எடுத்து மகளிடம் கொடுத்து, மூக்கைத் துடை என்றாள். உன் மேல எனக்குக் கோபம் தீரலை, தெரிஞ்சுக்கோ என்றும் சொன்னாள். சரிம்மா என்றாள் மகள். அதற்குள் மடியில் கவிழ்ந்து கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. வீடியோவை அமுக்காமல் சாதாரணமாகவே காதில் வைத்தாள்.

"என்ன, படம் வரலை" என்றார் சங்கரபாண்டியன். பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், வீடு நிறைய ஆள் இருக்கிற கலகலப்பு. "எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க. பிள்ளை என்ன சொல்லுது, சரிதானே?"

"ஏங்க, கொஞ்சம் கடைப் பக்கம் தள்ளி வாங்க. தனியாப் பேசணும்."

"எதுக்கு? இங்கேயே சொல்லு."

"வாங்கன்னா வாங்க."

இப்படி ஒரு வாங்க அவர் கேட்டதில்லை போலிருக்கிறது, நடந்தார், வீட்டை ஒட்டின பம்புசெட் கடையின் ஷட்டரைப் பாதி தூக்குகிற சத்தம் கேட்டது, கலகலப்பு குறைந்தது. நம்ம சுகிக்கு இங்க ஒரு பையனைப் பிடிச்சிருக்கு என்றாள் செண்பகவல்லி, பேர் அஸமத், ஆஸ்பத்திரியில வேலை, முஸ்லிம் வீடு, அவங்க அம்மா நர்ஸு, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், நல்ல மனுஷங்க என்றாள். மூச்சு விடாமல் சொன்னாள், விட்டால் நின்றுவிடும். முந்தாநாள் அவங்க தோடு போட்டாங்க, நான் தட்டு மாத்திட்டு வந்திருக்கேன் என்றாள்.

"தட்டா" என்றார் அவர். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும், சத்தம் ஏறுவதற்கு முன்னால் வருகிற குரல். "ஏய், நிதானமாச் சொல்லு. அவ உன்னைக் கூட்டிட்டுப் போய் ஏமாத்தியிருக்கா. ஏதோ விருந்துன்னு நினைச்சுக் குடுத்திருப்பே. உனக்கு என்ன ஏதுன்னு தெரிஞ்சிருக்காது."

கதவைத் திறந்து வைத்துவிட்டார். வா, வந்து ஒதுங்கிக்கொள் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, எப்போதும் இப்படித்தான் திறந்து வைப்பார். பக்கத்தில் சுகிர்தா கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு அம்மாவின் வாயையே பார்க்கிறாள்.

"தெரிஞ்சுதாங்க மாத்தினேன்" என்றாள் செண்பகவல்லி.

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். போனில், கடைத் தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"யாரையும் கேக்கலைங்க" என்றாள்.